இன்ஸ்பெக்டரின் வீடு

மாத்தளை. செவ்வாய் இரவு.

இன்று சாந்தியிடம் மாட்டிக்கொண்டேன். சிங்களத்தில் வரும் இன்ஸ்பெக்டர் கதைகளை நான் தமிழாக்குகிறேன். என் கையெழுத்தைப் பார்த்து டைப் செய்பவள் என் மனைவி சாந்திதான். எட்டாவது புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, இவரு பொண்டாட்டியக் கடத்திட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. இவருக்கு எப்பங்க கல்யாணம் ஆச்சு?”

“ரெண்டாவது புத்தகத்துலயே ஆயிருச்சு. வீட்டு விஷயத்தையெல்லாம் நான்தான் வெட்டிட்டேன். இந்தத் தடவ வெட்ட முடியல, கேஸே அவளப் பத்தித்தான்.”

லக்கல ஊருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு அடிதடி போதும் என்று நினைத்திருந்தேன். மூலக்கதையில் மகள் பிறந்ததும் இன்ஸ்பெக்டர் சிகரெட்டை விட்டுவிட்டான். என் தமிழில் இன்னும் புகைக்கிறான். சுடுவதற்கு முன் தயங்கத் தொடங்கினான். அந்தத் தயக்கத்தையும் எடுத்துவிட்டேன். சிங்களத்தில் அவன் பயந்தவனாக, நேரத்தோடு வீட்டுக்குப் போகிறவனாக மாறிவிட்டான். என்னிடம் மட்டும் அதே ஒண்டிக்கட்டை.

“அப்ப அவ இத்தன நாளா அந்த வீட்டுலதான் இருந்தாளா?” என்றாள் சாந்தி. தலையாட்டினேன். அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

பிறகு நான் முதன்முதலில் வெட்டிய பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அவன் வீட்டுக்கு வருகிறான். அவள் தூங்கிவிட்டாள். மேசையில் அவனுக்குச் சோறு மூடி வைத்திருக்கிறது.

எனக்கும் வைத்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை.