பால் கொடுக்க ஒரு கதிரை

கையில் வார்னிஷ் வாசனை. சவர்க்காரம் போட்டு இரண்டு தடவை கழுவியும் போகவில்லை. பதுளையில் ஒரு தளபாடக் கடையில் காலை முழுவதும் கதிரைகளின் கைப்பிடிகளைத் தடவிக்கொண்டு நின்றதன் பலன். நீ போய்ச் சேர்ந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. ஒரு பொருளை வாங்குவதற்கு முன் உன்னிடம் கேட்கும் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. எழுத்து அலைபாயாமல் இருக்க முதலில் குறித்துக்கொள்கிறேன்:

1. செல்வியின் பிள்ளை, அதன் நிறை.
2. கடையில் பார்த்த மூன்று ஆடும் கதிரைகள்.
3. நீ ஆடி ஆடித்தான் பால் கொடுத்தாய். அந்த ஆட்டத்தில்தான் செல்வி நன்றாகக் குடித்தாள். ஆகவே அவளுக்கும் ஆடும் கதிரையே சரி.
4. எந்தக் கதிரை?

நம் மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபத்தொரு நாட்கள். கல்யாணமாகிப் பதினொரு வருடங்கள் கழித்து வந்த பெண்பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். மருமகன் மொனராகலையில் வேலை. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார். ஆக, வீட்டில் செல்வியும் பிள்ளையும் நானும்தான். பிள்ளை பிறந்தபோது இருந்த நிறையை இன்னும் எட்டவில்லை. நேற்று வந்த மருத்துவமாது, "வெள்ளிக்கிழமை கிளினிக்குல நிறுத்துப் பாப்போம் சேர். கூடலேன்னா ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செல்வியின் அறைத் திரைக்கு வெளியே போய் நிற்கிறேன். பிள்ளை உறிஞ்சும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். மகள் பார்த்தால் என்ன நினைப்பாள் என்று திரும்பி வந்துவிடுகிறேன். இந்தப் பந்தியை எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டேன்.

செல்வி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடியபடி பால் கொடுப்பது திரையில் நிழலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் கதிரை யோசனை வந்தது. எனக்கென்று செய்ய வேறென்ன இருக்கிறது?

கடைக்குப் போகும்போது மூன்று கிலோ அரிசியைத் துவாயில் சுற்றி எடுத்துப்போனேன். வெறும் கையோடு உட்கார்ந்து பார்ப்பதில் பயனில்லை அல்லவா? முதற் கதிரை பிரம்பு. இலேசானது, ஆனால் கைப்பிடி உயரம். அரிசியை ஏந்தியபோது தோள் காதுவரை ஏறியது. இரண்டாவது மெத்தை வைத்தது. உள்ளே புதைந்துவிட்டால், தையல் போட்ட வயிற்றோடு எப்படி எழுந்திருப்பாள்? மூன்றாவது ஏதோ ஒரு தோட்டத்து பங்களாவிலிருந்து வந்த பழைய பலா மரக் கதிரை. கால் தரையில் பதிந்தது, முழங்கைக்கும் இடம் இருந்தது. ஆட்டம் மட்டும் சற்று அதிகம். ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஆடிப்பார்த்தேன்.

"சேர், அரிசி தூங்கிருச்சா?" என்றார் கடைக்காரப் பெண்.

கூச்சத்தோடு எழுந்தேன்.

"இருங்க சேர், இருங்க. அழாம கெடக்கு, நல்ல புள்ள."

நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். தெரியும்தானே, எதையும் உடனே முடிவு செய்ய எனக்கு வராது.

மூன்றாவது குறிப்பு உன்னைப் பற்றியது. ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்தில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரேதான் பிள்ளைக்காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப்போகும் அறை. பத்து மணிக்கு நீ மலையிலிருந்து ஓட்டமாக இறங்கி வருவாய். கூடையைக் கழற்றிவிட்டு, பீலித் தண்ணீரில் கையைக் கழுவி, செல்வியை வாங்கிக்கொண்டு படியில் உட்காருவாய். என் வகுப்பு ஜன்னலிலிருந்து உன் முதுகு மட்டும் தெரியும். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். இங்கே பிள்ளைகள் ஐந்தாம் வாய்ப்பாடு சொல்லும் குரலுக்கு அங்கே நீ ஆடுவதுபோல இருக்கும். அத்தனை அமைதியான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

புதன்கிழமை.

நேற்று அந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று காலை கடைக்குக் கிளம்பும் முன், செல்வியின் முழங்கால் உயரத்தை அளந்துகொள்ளலாம் என்று நாடாவோடு திரைக்கு வெளியே நின்றேன்.

"செல்வி, கதிரைக்கு ஒரு அளவு பாக்கணும்மா."

"இப்பவாப்பா?"

"நீ ஆடுறதுக்கு லேசா இருக்கும்ல. அம்மாவும் இப்படி ஆடிக்கிட்டேதான் ஒனக்குக் குடுப்பாங்க."

திரையில் நிழல் ஆடிக்கொண்டே இருந்தது.

"அம்மாவுக்கும் இப்படி வலிச்சிச்சாப்பா?"

"என்ன வலி?"

"புள்ளைக்காகவா ஆடுறேன்? வாய வச்சோடன உசுரு போகுது. ஆடினாத்தான் தாங்க முடியுது."

"முந்தாநேத்து வந்த மிஸ் கேட்டாங்களே, வலி இருக்கான்னு. இல்லேன்னு சொன்னியேம்மா?"

"நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தீங்களேப்பா."

நாடா கையிலேயே இருந்தது. அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு நாள் உன்னிடம், "நீ ஆடி ஆடிப் பால் குடுக்கிறது பாக்க அழகா இருக்கு" என்று சொன்னேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அழகா இருக்கா? அப்ப அங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருங்க" என்றாய். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடங்கள் அப்படியே வைத்திருந்தேன்.

கடைக்குப் போகவில்லை. இரண்டு சந்து கீழே மருத்துவமாதுவின் வீடு. வாயால் சொல்ல வராது என்று தெரிந்து, "பால் கொடுக்கும்போது மகளுக்குக் கடும் வலி; என் எதிரில் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறாள்" என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். படித்துவிட்டு, "இதுக்குப் போயி விண்ணப்பம் எழுதுவாங்களா சேர்?" என்றபடி குடையை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

திரைக்கு உள்ளே அவர் பேசியது எனக்கும் கேட்டது. "நுனிய மட்டும் கவ்வியிருக்கு. அதான் ஒங்களுக்கு வலி, அதுக்குப் பாலும் பத்தல. நீங்க குனியாதீங்க, புள்ளைய ஒங்ககிட்ட கொண்டாங்க. வாய நல்லாத் தொறக்கட்டும்... ம், இப்ப. ஆடாம இருங்க. ஆடுறப்பதான் வாய் நழுவுது." பிறகு என்னை நோக்கி, "சேர், முதுகு நேரா இருக்கிற கதிரை ஒண்ணு தாங்க. காலுக்கும் ஏதாச்சும்" என்றார்.

என் எழுதும் கதிரையைக் கொடுத்தேன். காலுக்கு வைக்க முக்காலி இல்லை. தடித்த அகராதிகள் இரண்டை எடுத்துத் திரைக்கு அடியால் தள்ளினேன்.

"புத்தகத்துல எப்படிப்பா காலு வைக்கிறது?"

"வைம்மா" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்கும் சத்தம் கேட்டது. நிழல் அசையவில்லை. நான் திரையை விட்டு நகர்ந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை.

கிளினிக்கில் தராசுமுள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. போதாது, ஆனால் கூடியிருக்கிறது. ஆஸ்பத்திரி வேண்டாம், அடுத்த கிழமையும் கொண்டுவாருங்கள் என்றார்கள். கடைக்காரப் பெண்ணுக்குக் கதிரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆகவே நான்காவது குறிப்புக்கு விடை, இந்த வீட்டில் இருந்த கதிரை. இதைக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செல்வி பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம், "வலிக்குதாம்மா?" என்று வெளியிலிருந்து கேட்கிறேன். இன்று ஆறாவது தடவை கேட்டபோது, "இல்லப்பா! போயி வேற வேல இருந்தாப் பாருங்க" என்று சிரித்தாள். இன்னும் கேட்பேன். உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. என் வகுப்பு ஜன்னலுக்கும் நீ உட்கார்ந்த படிக்கும் நடுவே இருபது அடி தூரம்தான்.

மூன்றாவது குறிப்பு தவறு.