நின்றவர்கள் வட்டத்திலிருந்து ஓர் அம்பு

6 ஜூலை 1998, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா வரை பஸ்ஸில் நின்றபடி. அப்புறம்தான் சீட். பாலாற்றில் தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது.

சிலிண்டர் பதியணும். இட்லி மாவு தீர்ந்தது. நேற்று பாட்டுப் பயிற்சிக்குப் போகாததற்கு பாஸ்டரம்மாவிடம் ஏதாவது சொல்லணும்.

ஆம்பூர் ஷூ ஃபாக்டரிக்குள் நுழைந்ததும் மேனேஜர் அன்வர் சார் கூப்பிட்டார். ஜெர்மன் ஆர்டர் பெரிசாக வந்திருக்கிறதாம். ஷூவின் மேல்பாகம் மட்டும், அப்பர், செப்டம்பர் கடைசிக்குள் தைத்து அனுப்பவேண்டும்.

"இப்ப எத்தினி பொண்ணுங்கள எடுத்தா அப்ப எத்தினி ஸ்டிச்சர் கையில நிப்பாங்க? பர்சனல் செக்‌ஷன்ல ஒனக்குத்தான் கணக்கு வரும். சொல்லு ஜெஸிமா."

"என் எம்.ஃபில். பிராஜெக்ட்டே அதான் சார். மார்க்கோவ் செயின்."

"செயினோ வளையலோ, எனக்கு நம்பர் வேணும்."

சந்தோஷம்தான். இரண்டு வருஷமாக இந்தப் படிப்பை மிக்ஸி சத்தத்துக்கு நடுவில் படித்துக்கொண்டிருக்கிறேன். முதன்முதலாக ஒருத்தர் விடை கேட்கிறார்.

சாயங்காலம் படம் போட்டேன். நான்கு வட்டம். புதுசு, ஹெல்பர், ஸ்டிச்சர், நின்றவர். வட்டத்துக்கு வட்டம் அம்பு. இந்த மாதம் ஹெல்பராக இருப்பவள் அடுத்த மாதம் ஸ்டிச்சர் ஆக எவ்வளவு வாய்ப்பு, அப்படியே இருக்க எவ்வளவு, நிற்க எவ்வளவு. எல்லாவற்றையும் கட்டம் கட்டி எழுதினால் அணி. அதை அதனாலேயே பெருக்கினால் இரண்டு மாதம் கழித்து என்ன ஆகும் என்று வரும். இன்னும் பெருக்கினால் செப்டம்பர் வரும்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா, பரமபதமா?" என்றார். ஆஸ்பத்திரி லேபில் வேலை, ஆனால் சரியாகச் சொல்லிவிட்டார். பரமபதத்தில் காய் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. ஏணியில் வந்ததா, பாம்பு கடித்து வந்ததா, தாயக்கட்டைக்குத் தெரியாது. மார்க்கோவ் சங்கிலியும் அப்படித்தான். பழசு கேட்காது.

'நின்றவர்' வட்டத்திலிருந்து மட்டும் வெளியே அம்பு கிடையாது. கேட்டிலேயே எழுதிப் போட்டிருக்கிறது: வேலையை விட்டு நின்றவர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார். இப்படிப்பட்ட வட்டத்துக்கு 'உறிஞ்சும் நிலை' என்று பெயர். என் கைடு தங்கராஜ் சாரின் மொழிபெயர்ப்பு. கேட்டாலே தாகம் எடுக்கிறது.

9 ஜூலை, வியாழன்

புழுக்கம். மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை.

ரிஜிஸ்டரைப் பார்த்து அணியை நிரப்பினேன். மூன்றாம் வரிசையைக் கூட்டினால் சரியாக ஒன்று வரணும், ஒன்றுக்கு மேல் வருகிறது. வருமா? எங்கேயோ போகிறவள் இரண்டு இடத்துக்கா போவாள்? மறுபடி உட்கார்ந்து கூட்டினேன். என் தப்புதான், ஒரே பெண்ணை ஒரே மாதத்தில் இரண்டு வட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

சரிசெய்தபின் விடை அமோகம். புதிதாக வருகிறவர்கள் மளமளவென்று ஸ்டிச்சர் ஆகிறார்கள். அன்வர் சாருக்கு வாயெல்லாம் பல். "நம்ம டிரெயினிங் அப்படி! புதுப் பொண்ணுங்களையே எடுத்து ஆர்டர அடிச்சிடலாம்."

எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. பிரித்துப் பார்த்தால், பாதிப் பெண்கள் தையல் பழக மாதக்கணக்கில் திணறுகிறார்கள். மீதிப் பேர் வந்த மாதமே பழகிவிடுகிறார்கள். நடுவில் யாருமே இல்லை. சராசரி மட்டும் நடுவில் போய் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

தங்கராஜ் சாருக்கு போன். "ஒட்டாத டேட்டாவத் தூக்கிப் போடும்மா. சாப்டர் எப்ப?" இவருக்கு எப்பவும் சாப்டர். தூக்கிப் போட அதென்ன வாடின கீரையா, ஒவ்வொன்றும் ஒரு பெண்.

13 ஜூலை, திங்கள்

இரவு மழை தூறி நின்றது. ஆம்பூர் முழுக்க ஈரத்தோல் வாடை.

கண்ணால் பார்த்துவிடுவது என்று தையல் ஹாலில் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒடுகத்தூர் பக்கத்துப் பெண், கோமதி என்று பெயர், போன வாரம்தான் சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் நான் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஷூ முனையில் வருகிற வளைவு இருக்கிறதே, அதில்தான் எல்லாப் புதுப் பெண்களும் அழுவார்கள். இவள் பக்கத்திலிருந்தவளோடு கல்யாண வீட்டுக் கதை பேசிக்கொண்டே அதை ஒரே இழுப்பில் திருப்பினாள். நூல் பிடித்தமாதிரித் தையல். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

சூப்பர்வைசர் அந்த வரிசைக்குள் வந்தார். உடனே அவள் கை நடுங்க ஆரம்பித்தது. தையல் கோணிக்கொண்டு போயிற்று. வேண்டுமென்றே! என் கண் எதிரில்!

"இன்னாம்மா, இன்னும் கை வரலையா?"

"வந்துரும் சார்."

அவர் போனதும் கோணல் தையலைப் பிரித்துவிட்டு, மறுபடி நேராகத் தைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஏதோ பயமாகவும் இருந்தது. தைக்கத் தெரியாதவள் தெரிந்தமாதிரி நடிப்பாள். தெரிந்தவள் எதற்குத் தெரியாதமாதிரி நடிக்கணும்?

வீட்டுக்காரருக்கு நைட் டியூட்டி. தனியாகத் தயிர்சாதம், ஊறுகாய்.

15 ஜூலை, புதன்

தெரிந்துவிட்டது.

டீ டைமில் கோமதியைக் கழுவுமிடம் பக்கம் தனியாகப் பிடித்தேன். "பயப்படாத. எங்க கத்துக்கிட்ட, அத மட்டும் சொல்லு" என்றேன். முதலில் மாமன் வீட்டு மெஷின் என்றாள். "மாமன் வீட்ல ஷூவா தைக்கிறாங்க?" என்றதும் அழுதுவிட்டாள்.

"இங்கதான் மேடம் கத்துக்கிட்டேன். இதே ஹால்ல நாலு வருஷம் ஸ்டிச்சரா இருந்தேன். என் பேரு ஜெயந்தி. கோமதி என் தங்கச்சி."

குழந்தை பிறந்தது, மாமியார் படுத்துக்கொண்டார், லீவெல்லாம் தீர்ந்து நின்றுவிட்டாள். திரும்பி வந்து கேட்டபோது கேட்டிலேயே போர்டைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அப்போது இருந்த சூப்பர்வைசர் போய்விட்டதால் தைரியம் வந்து, தங்கையின் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டோடு சேர்ந்திருக்கிறாள். புதுசுக்கு உண்டான சம்பளம். பி.எஃப். தங்கை பேரில். சட்டென்று தைத்துக் காட்டினால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் 'கற்றுக்கொள்கிறாள்'.

"நீ மட்டுமா?"

"எங்க வேன்லயே நாலஞ்சு பேரு, மேடம். ஒருத்தி நாத்தனார் பேரு, ஒருத்தி சித்தி பொண்ணு பேரு. யாராச்சும் ஜெயந்தின்னு கூப்ட்டா திரும்பக்கூடாதுன்னு பழகிக்கினு இருக்கேன். கும்புட்டுக்கிறேன், சொல்லிடாதீங்க. வேல போச்சுன்னா அந்த ஆளு மறுபடியும் மாட்ட ஓட்டினு போய் வித்துருவாரு."

அந்த ஆள் என்றால் புருஷன். சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை.

16 ஜூலை, வியாழன்

தூக்கமில்லை. தலைவலி. சிலிண்டர் வரவில்லை.

எழுதிப் பார்த்தால்தான் புத்தி தெளியும்.

நின்றவர் வட்டத்திலிருந்து அம்பு இருக்கிறது. சுவரேறிக் குதித்து வருகிற அம்பு. என் படம் தப்பு. சங்கிலிக்குப் பழசு தேவையில்லை என்கிறது புத்தகம், ஆனால் ஜெயந்தியின் விரலுக்கு நாலு வருஷமும் ஞாபகம் இருக்கிறது. அதனால் 'புதுசு' என்கிற வட்டத்தை இரண்டாக உடைக்கவேண்டும்: நிஜமான புதுசு, வேஷம் போட்ட பழசு. உடைத்தால் கணக்கு சரியாக வரும். மார்க்கோவும் தப்பித்தார்.

உடைக்காமல் விட்டால்? அன்வர் சார் என் சராசரியை நம்பி நிஜமான புதுசுகளையே எடுத்துக் குவிப்பார். செப்டம்பரில் அவை பாதி வளைவில் நிற்கும். ஆர்டர் கைவிட்டுப் போகும். அப்புறம் எல்லோருக்கும்தான் வேலை போகும்.

உடைத்துக் காட்டினால் ஜெயந்திக்குப் போகும்.

வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார்: "பேரச் சொல்லாம கணக்க மட்டும் சொல்ல முடியாதா?" நான் எரிந்து விழுந்தேன். பாத்திரம் கழுவும்போதுதான் புரிந்தது, அவர் சொன்னதுதான் வழி. போய் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஒரு டம்ளர் காபி கொடுத்தேன்.

20 ஜூலை, திங்கள்

மேகமூட்டம்.

அன்வர் சாரிடம் இரண்டு படம் காட்டினேன். முதலாவதில் நின்றவர் வட்டம் மூடியிருக்கிறது: நிஜமான புதுசுகளை மட்டும் வைத்துத் தைத்தால் செப்டம்பர் தாண்டிவிடும். இரண்டாவதில் அந்த வட்டத்திலிருந்து ஸ்டிச்சருக்கு நேராக ஓர் அம்பு: நின்ற பெண்களைக் கூப்பிட்டு, பழைய சம்பளத்திலேயே உட்காரவைத்தால் ஆர்டர் முடியும்.

"அன்னிக்கு வேற சொன்னியே? நம்ம டிரெயினிங் சூப்பர்னு?"

"டிரெயினிங் இல்ல சார். அதுல பாதிப் பேரு ஏற்கெனவே கத்துக்கிட்டவங்க. வேற பேர்ல திரும்பி வந்திருக்காங்க."

சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"அரே! ஆள்மாறாட்டமா? என் கேட்டுக்குள்ளயா? யாரு யாரு? பேரு குடு."

"தர மாட்டேன் சார்."

"நீ என் ஸ்டாஃபா, அவங்க ஸ்டாஃபா?"

"உங்க ஸ்டாஃப்தான். அதனாலதான் சொல்றேன். நாம போர்டு எழுதிப் போட்டோம், அவங்க பேர மாத்திக்கிட்டாங்க. உங்களுக்கு ஆர்டர் வேணுமா, பேர் வேணுமா? ரெண்டும் வேணும்னா கணக்குல வராது."

இவ்வளவு பேசினது நானா? குரல் ஹால் வரை கேட்டிருக்கும். அவர் பேப்பரைத் தள்ளிவிட்டு, "போ. அப்புறம் பாக்கலாம்" என்றார். பேஜாராகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று யோசித்தேன். கர்த்தரே.

22 ஜூலை, புதன்

நேற்று முழுக்க அன்வர் சார் என்னைப் பார்க்கவே இல்லை. இன்று மதியம் அவரே தையல் ஹாலுக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாராம். அவர் போன வரிசையெல்லாம் தையல் கோணிக்கொண்டதாம். ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு, எனக்கு மட்டும் வரவில்லை.

நாலு மணிக்குக் கூப்பிட்டார்.

"வூட்ல என் பீவிகிட்ட சொன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? 'கை தெரிஞ்ச பொண்ணு கேட்டாண்ட வந்து நின்னா தொரத்தினது நீங்க, திருட்டுப் பட்டம் அவளுக்கா'ன்னு கேட்டா. வூட்டுலயும் நிம்மதி இல்ல, ஆபீஸ்லயும் நிம்மதி இல்ல. எழுதும்மா நோட்டீஸ்."

எழுதினேன். முன்பு இங்கே வேலை செய்து நின்றவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் மீண்டும் சேரலாம். பழைய சம்பளம். இடையில் எந்தப் பெயரில் இருந்தார்கள் என்று கேட்கப்பட மாட்டாது. சனிக்கிழமைக்குள் பர்சனல் செக்‌ஷன். அந்த மூன்றாவது வரியை அவர் இரண்டு தரம் அடித்தார். நான் இரண்டு தரமும் திரும்ப எழுதினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

ஐயோ, என்ன ஒரு சந்தோஷம்! வரும் வழியில் இனிப்புக் கடையில் மக்கன்பேடா வாங்கினேன். டப்பாவை விட்டுவிட்டுப் பஸ் ஏறப் பார்த்தேன்.

24 ஜூலை, வெள்ளி

ஒருத்தியும் வரவில்லை.

நோட்டீஸ் ஒட்டி இரண்டு நாள். தண்ணீர்க் குழாயடியில் காதில் விழுந்தது: "பொறி வெக்கிறாங்கடி. போய் பேரச் சொன்னா அப்டியே கேட்டுக்கு வெளிய." ஜெயந்தி என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும்? ஒரு தரம் கேட்டில் பட்டவள்.

படத்தில் அம்பு போட எனக்கு ஒரு நிமிஷம். நடந்து வரவேண்டியவள் அவள். அந்த வாய்ப்பு எவ்வளவு என்று எந்த அணியிலும் இல்லை. அன்வர் சார் என் மேஜையைத் தாண்டும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஜெபம் பண்ணினேன். சிலிண்டர் வந்தது.

25 ஜூலை, சனி

நல்ல காற்று. மலைப்பக்கம் மழை போல.

காலை முழுக்க யாருமில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். அன்வர் சார் வந்து, "வர மாட்டாங்க போல" என்றார். கோபமாக இல்லை, பாவமாகத்தான் சொன்னார். போகாமல் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

கதவில் நிழல். ஜெயந்தி. முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், சண்டைக்கு வந்தவள் மாதிரி. உள்ளே அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள்.

பேனாவை எடுத்தேன். "பேரு?"

"ஜெயந்தி. நாலு வருஷம் ஸ்டிச்சர்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "நாலு வருஷ ஸ்டிச்சரா? அப்ப புதன்கெழம நான் வந்தப்ப ஏம்மா என் தோலைப் பாழ் பண்ணின?" என்றார். வெளியே குபீரென்று சிரிப்பு. அப்போதுதான் எட்டிப் பார்த்தேன், வராண்டா நிறையப் பெண்கள். அப்ளிகேஷன் தீர்ந்துபோய், என் ஆராய்ச்சித் தாள்களின் பின்பக்கத்தில் பேர் எழுதினேன். கண் வேறு மறைத்துக்கொண்டே இருந்தது, சனியன்.

ஜெயந்தி கையெழுத்துப் போட்டாள். போகவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்ன?"

"ஒண்ணுமில்ல மேடம். என் தங்கச்சியும் வேலைக்கு வர்றேன்னு ரொம்ப நாளா கேட்டுக்கினு இருக்கா. அவ பேரு இப்ப சும்மாதானே இருக்குது?"