முகம் திருப்பிக் குடிப்பது

நவம்பர் 9, ஞாயிறு

இல்லை, குடிக்கவில்லை. உதடு மட்டும் நனைந்தது. அதுவும் குடித்ததில் சேருமா?

என் கணவன் எர்வானின் வீட்டார் நடத்தும் உணவகத்தில் ஆறே மேசைகள். ஞாயிறு மாலை வெளியாருக்கு அடைப்பு. நாங்கள் நால்வர் மட்டும் சாப்பிடுவோம். அவன் அப்பா தோங்சிக் கொரியர், அடுப்படி அவருடையது. அம்மா அன்னிக் பிரெஞ்சுக்காரி, இந்த நாந்த் நகரத்தவர். பரிமாறுவது, அதட்டுவது எல்லாம் அவர்.

தோங்சிக் சோஜு ஊற்றினார், அவர் ஊர்ச் சாராயம். கொரிய வழக்கப்படி, பெரியவர் ஊற்றினால் மறுக்கக் கூடாது. இரு கையால் வாங்கி, முகத்தைத் திருப்பிக் குடிக்க வேண்டும். திருப்பினேன். சுவரைப் பார்த்தபடி கைக்குட்டைக்குள் சாய்த்தேன்.

"பாரு அன்னிக், நம்ம பையனுக்கே வராத மரியாதை!"

வசந்தத்திலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை. எர்வானுக்கு மட்டும் தெரியும். குடிகாரி என்ற பெயரோடு அந்த மேசையில் எப்படி உட்காருவது?

நவம்பர் 10

கைக்குட்டையை முகர்ந்தேன். உடனே குப்பையில் போட்டேன். குப்பையைக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சிவப்பு ஒயினை "வேண்டாம்" என்றேன். அன்னிக் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு கணவரை.

ஒயினில் வெந்த மாட்டுக்கறி, மேலே மிளகாய் விழுது. தயங்கினேன்.

"நல்லாக் கொதிச்சதும்மா, ஒண்ணும் பண்ணாது. இனிமே நீ நல்லாச் சாப்பிடணும்," என்றார் அன்னிக்.

தோங்சிக் பெரிய துண்டாக என் கிண்ணத்தில் வைத்தார். எர்வான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் நினைத்ததை ஏன் மறுக்கவில்லை? அதன் பிறகு யாரும் எனக்கு ஊற்றவில்லை — அதனால்.

நவம்பர் 20

"அப்பா தொட்டில் செய்யப் பலகை வாங்கிட்டு வந்திருக்காரு! நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றான் எர்வான்.

நானே சொல்லணும். முதல்ல குழந்தை இல்லைன்னு. அப்புறம் குடிச்சுக்கிட்டிருந்ததை. எந்த வாயால? ஒரு கிளாஸ் உள்ள போனா சொல்லிடலாம்னு தோணுது — இதுதான் பயமா இருக்கு.

நவம்பர் 23, ஞாயிறு

பச்சை சோஜுப் புட்டி ஒன்றிலிருந்து தோங்சிக் எனக்கும் ஊற்றினார். முகம் திருப்பி, நாக்கு நுனியில் தொட்டேன். தண்ணீர்.

"உனக்குன்னு தனியா ரொப்பி வச்சேன்," என்றார். "வெறும் கோப்பையோட உட்காரக் கூடாதில்ல?"

அவ்வளவு பெருமை அந்த முகத்தில். சொல்லிவிட்டேன். குழந்தை இல்லை. குடித்துக்கொண்டிருந்தேன், நிறைய. நிறுத்தியிருக்கிறேன்.

அன்னிக் தட்டுகளோடு உள்ளே போனார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தோங்சிக் எழுந்து ஒயினையும் சோஜுவையும் அலமாரிக்குள் வைத்தார். மகனின் பாதிக் கோப்பையையும் எடுத்தார்.

"அப்பா, அது என்னுது!"

"உன்னுதா இருந்துச்சு."

பிறகு தண்ணீர்ப் புட்டியை எடுத்து ஊற்றினார். முதலில் எனக்கு, அப்புறம் மகனுக்கு, கடைசியில் தனக்கு.

அன்னிக் வந்தார், கண் சிவந்து. "அந்தப் பொய் எனக்கு லேசுல ஆறாது," என்றார். உட்கார்ந்தார். மேசையைப் பார்த்தார்.

"எனக்கு எங்க?"

நான் எழுந்து, புட்டியை இரு கையால் பிடித்து, அவர் கோப்பையில் ஊற்றினேன்.