மாலை போட்ட படம்

அன்புள்ள கலாதேவிக்கு,

நீரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்களென்று நம்புகிறேன். எனக்கொரு குறையுமில்லை, வயிறுதான் எனக்கு முன்னே நடக்கிறது.

வெட்கத்தை முதலில் சொல்கிறேன். உயிரோடிருக்கும் மனிசியின் படத்துக்கு மாலை போட்டுவிட்டேன்.

என் அறைக்குச் சொந்தக்காரி ஹில்டா என்ற ஜேர்மன் கிழவி. அவருடைய அக்கா கோபித்துக்கொண்டு அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரமான செயின்ட் லூயிசுக்குப் போனவர். நாற்பது வருடமாகத் தகவலில்லை. கீழ்வீட்டுச் சதீசன் அந்நகர நூலகத்தின் ஊர் வரலாற்றுப் பிரிவைக் கேட்டான். அவர்கள் பழைய பத்திரிகைகளைக் கிண்டி, காசு வாங்காமல் அக்காவின் படமொன்று அனுப்பினார்கள். முகம் தெரியாத அந்தப் புண்ணியவான்களுக்கு என் கும்பிடு. பழைய பத்திரிகைப் படமென்றதால் ஆள் போய்விட்டாரென்று நினைத்து நான் பூமாலை போட, அதன் கருத்துத் தெரியாத ஹில்டா அழகென்றார்.

மறுநாள் நூலகத்தோடு கதைத்துவிட்டுச் சதீசன் ஓடிவந்தான்.

"அண்ணை, அவ உயிரோடயெல்லோ இருக்கிறா! கழட்டுங்கோ!"

நேற்று, நூலகத்தார் சொல்லி, அக்காவே தொலைபேசி எடுத்தார். இருவரும் அழுது சிரித்ததைக் கேட்க, எனக்கும் உம்முடைய குரல் வேண்டும்போல் இருந்தது. மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் சந்தித் தொலைபேசிக் கடைக்கு வாரும், எடுக்கிறேன். கூழ் காய்ச்ச ஒடியல்மாவும் அனுப்பும்.

வேலைக்கு நேரமாகிறது.

உம்முடைய
நித்தியானந்தன்

பி.கு.: தொலைபேசி மணியடிக்க ஓடிவந்த ஹில்டா என் மூக்குக்கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கக் கண்ணாடி மிச்சம். வரிகள் சரிந்திருக்கும்.