செயின் பக்கத்து அழுக்கு

என்னங்க,

சாப்பாடு மேடையில் மூடியிருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

"பைக் பின் சக்கரத்துல அழுக்கு போகவே மாட்டேங்குது" என்று நேற்று அலுத்துக்கொண்டீர்களே, அதனால் காலையில் உங்களை எழுப்பாமல் நானே மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்தேன். எப்போதும் வெளியே தெரிகிற பக்கத்தை மட்டும்தான் பளபளவென்று துடைப்பீர்கள். "செயின் பக்கத்தை யாரு பாக்கப் போறா?" என்பீர்கள். நான் பார்த்தேன். கிரீஸுக்குள் ஒரு சாண் நீளத்துக்கு ஊதாத் துப்பட்டாவின் கிழிந்த ஓரம் சுற்றிக்கிடந்தது. ஜரிகை வேறு. என்னிடம் ஊதாவில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது.

அதை அலசி, உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாருடையது என்று நான் கேட்க மாட்டேன். சாயங்காலம் நீங்களாகவே சொல்லுங்கள்.

வண்டிச் சாவி என் பையில் இருக்கிறது. இன்றைக்கு பஸ்ஸில் போங்கள். அதில் யாரையும் பின்னால் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்காது.

பி.கு.: உங்கள் பின்னால் உட்காருகிறவளிடம் துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு உட்காரச் சொல்லுங்கள். இந்தத் தடவை ஓரம்தான் கிழிந்தது. அடுத்த தடவை சக்கரம் இழுத்தால் கழுத்தை இறுக்கிவிடும். என் வயிற்றெரிச்சல் அவ்வளவு தூரம் போகாது.