ஸ்டெல்லாவின் ஒரு பிடி

வெள்ளி இரவு, தவக்காலம் நான்காம் வாரம்.

தவக்கால வெள்ளிகளில் பிள்ளைகள் ஏழைகளுக்காக ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவந்து வகுப்பு டிரம்மில் போடுவார்கள். போன வாரம் மூன்றாம் வகுப்பு ஸ்டெல்லாவிடம், "நீ கொண்டுவர வேண்டாம்மா" என்றேன். அந்த அரிசி போகும் வீடுகளில் அவள் வீடும் ஒன்று. பெரிய இரக்கம், என் இரக்கம்.

பக்கத்து நிக்டி குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் அவள் அம்மா இன்று பள்ளிக்கு வந்து தன் வீட்டுக்கான அரிசிப் பையை வாங்கிக்கொண்டார். அங்கேயே முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி டிரம்மில் போட்டார்.

"பாப்பா ஒரு வாரமா அழுவுது டீச்சர். அதுக்கும் குடுக்கணும்னு ஆசை இருக்காதா?"

கோபமில்லாமல்தான் கேட்டார். வாராவாரம் டிரம் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் பெயரை டிக் அடித்த நான், இதுவரை ஒரு பிடிகூடப் போட்டதில்லை.