பேரன் வாங்கிய முப்பது

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி? நீதான் என் போனை எடுப்பதில்லையே. அம்மா கூப்பிட்டால் உடனே எடுக்கிறாய், பின்னால் என் குரல் கேட்டதும் அடுப்பில் வேலை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதையாவது பாதியில் வைத்துவிடாதே.

நான் செய்தது தப்புதான், ஆனால் எப்படி நடந்தது என்று கேள். குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் டாக்டர் எடை பார்த்த அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதில் ஏழரைக் கிலோ என்றும் பக்கத்தில் முப்பது என்றும் போட்டிருந்தது. காலமெல்லாம் சரித்திரப் பேப்பர் திருத்துகிறவன் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பாஸ் மார்க் முப்பத்தைந்து, ஐந்து மார்க்கில் கோட்டை விட்டான் என்றுதான் தெரியும். பதறிப்போனேன். பதறிய கையோடு உள்ளுக்குள் கொஞ்சம் குளிரவும் செய்தது, அதையும் மறைக்கவில்லை. ஏனென்றால் அங்கே அவனைப் பார்த்துக்கொள்வது உன் மாமனார். அதற்கு முந்தின வாரம்தான் அவர் போனில், பையன் எண்பது சதவீத நேரம் என் மடியிலதான் சம்பந்தி, எறங்கவே மாட்டேங்கிறான் என்று சிரித்தார். மிச்சம் இருபதில் நீ, மாப்பிள்ளை, தொட்டில். எனக்கு எத்தனை சதவீதம் என்று போட்டுப் பார்த்தேன், முட்டைதான் வந்தது. நான் அவனை இன்னும் கையில் வாங்கியதே இல்லை. போனில் என் முகத்தைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குகிறான், அவர் தும்மினால்கூடச் சிரிக்கிறான். எரியுமா எரியாதா நீயே சொல். அந்த எரிச்சலில்தான் அட்டையைப் பிரிண்ட் எடுத்து, முப்பதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, தேர்ச்சி இல்லை, பொறுப்பு சம்பந்தி என்று எழுதிக் குடும்பக் குரூப்பில் போட்டேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். உங்க வயித்தெரிச்சலுக்குப் பச்சக் குழந்தைதான் கெடச்சுதா என்றாள்.

மறுநாள் நியாயம் கேட்க அந்தத் தாளை எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ பரீட்சைப் பேப்பர் மேல் கொட்டிவிட்டது. சார், இது மார்க்கும் இல்ல சதவீதமும் இல்ல, வரிசை என்றார். ஜன்னல் வழியே மைதானத்தைக் காட்டி, காலைல பிள்ளைங்கள உயரப்படி நிக்க வைக்கிறோமே, முன்னாடி நிக்கிறவன ஃபெயிலாக்கிடுவீங்களா என்று கேட்டார். அவன் வயதுக் குழந்தைகள் நூறு பேரை எடை குறைந்தவன் முன்னால் வரும்படி நிற்க வைத்தால் நம் குட்டி முன்னாலிருந்து முப்பதாவது ஆளாம், அவ்வளவுதான் விஷயம். யாராவது முப்பதாவதாக நின்றுதானே ஆக வேண்டும்? அதோடு விட்டாரா, முந்தின மாதங்களில் நீ அம்மாவுக்கு அனுப்பிய அட்டைகளையும் என் போனுக்கு வரவழைத்துப் பார்த்து, எல்லா மாசமும் அதே எடத்துலதான் நிக்கிறான், எடை சீரா ஏறுது சார், ரொம்ப நல்லாப் பாத்துக்கிறாங்க என்று முடித்தார். அந்தப் பாராட்டு உன் மாமனாருக்குத்தானே போய்ச் சேரும். வீடு வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

குரூப்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், பார்த்திருப்பாய். சம்பந்தி உடனே, பரவால்ல, நீங்க பதறினது பேரனுக்காகத்தானே என்று எழுதினார். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மை வேறு எனக்கு எரிகிறது, என்ன செய்ய. உன் தம்பிக்குச் சம்பளம் பத்து சதவீதம் கூடியிருக்கிறது, குதிக்கிறான். வாடகையும் பத்து சதவீதம் கூடிவிட்டதால் இரண்டும் சரியாகிவிட்டது என்கிறான். எதில் பத்து என்று பாரடா என்று சொல்ல வாய் வரை வந்தது, எனக்கு என்ன யோக்கியதை என்று மூடிக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, குட்டி தூங்கும்போது துணி துவைக்கப் போகாமல் நீயும் தூங்கு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். சம்பந்தியும்தான், அவருக்கு முதுகு வலிக்காமல் இருக்கட்டும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு. குட்டியை நீ வாங்கிக்கொள்ள வேண்டாம், அவர் மடியிலேயே இருக்கட்டும், போனையும் அவரே பிடிக்கட்டும். அங்கே இருந்தால்தான் அவன் அழாமல் என் முகத்தைப் பார்ப்பான்.

பொறாமை இன்னும் தீராத,
உன் அப்பா